எழுதியவரே வெளியிடும் விளையாட்டுகள்



 

சில காலமாக இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரு புதுக் கேள்வி தலைகாட்டுகிறது. கவிதை அனுப்பலாமா, சிறுகதை எத்தனை பக்கம் இருக்கலாம் என்ற வழக்கமான விசாரிப்புகளுக்கு நடுவே, "கம்பியூட்டர் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், அதை எப்படி வெளியிடுவது?" என்று கேட்கிறார்கள். நுரைச்சோலையிலிருந்தும் ஆலங்குடாவிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் கேட்கிறார்கள். பெரும்பாலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள். வாப்பாவின் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, இரவில் பழைய கணினியின் முன்னால் உட்காருகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தையே அதற்கு ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் படைப்பைத் தானே வெளியிடுவது நமக்குப் புதிதில்லை. இலங்கையில் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலானோர் தங்கள் முதல் நூலைத் தாங்களே போட்டவர்கள். கடன் வாங்கி 300 பிரதி, 500 பிரதி அச்சிட்டார்கள். அட்டைப் படத்துக்கு ஊரில் வரையத் தெரிந்த ஒருவரைப் பிடித்தார்கள். தேசிய நூலகத்துக்கு விண்ணப்பித்து ஐ.எஸ்.பி.என். இலக்கம் எடுத்தார்கள். பாடசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, முதற் பிரதியைப் புரவலர் ஒருவர் கையில் கொடுத்தார்கள். மிஞ்சிய பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு புத்தளம், மன்னார், கொழும்பு என்று பஸ் ஏறினார்கள். எழுதுவது ஒரு வேலை, வெளியிடுவது இன்னொரு வேலை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வருவதும் இதுதான்: நீங்கள் வெளியீட்டாளராகவும் ஆகப் போகிறீர்கள். அந்த இரண்டாவது வேலையையும் முதல் வேலைக்குக் கொடுத்த அதே மரியாதையோடு கற்றுக்கொள்ளுங்கள்.

இப்படித் தானே வெளியிடும் வாய்ப்பு கேம் உலகில் எல்லாக் காலத்திலும் இருக்கவில்லை. கணினிக்குச் செய்கிறவர்கள் எப்படியோ வழி கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் டைசுகே அமாயா என்ற தனி மனிதர் ஐந்து ஆண்டுகள் உழைத்து, 2004இல் 'கேவ் ஸ்டோரி'யை இணையத்தில் இலவசமாகவே விட்டார். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கொன்சோல்களின் கதை வேறு. எக்ஸ்பொக்ஸ் 360 காலத்தில் அதன் பிரதான கடையில் ஒரு கேமை வைக்க வேண்டுமென்றால், வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் கைபிடித்துத்தான் உள்ளே போக முடியும். கேமைச் செய்தவர் தன்னந்தனியாக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்தின் சிரமத்தை விளங்கிக்கொள்ள 'ஃபெஸ்' என்ற கேமுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். கனடாவின் மொன்றியல் நகரில் பொலிட்ரொன் என்ற சிறு குழு செய்த கேம் அது. 2012 ஏப்ரலில் எக்ஸ்பொக்ஸில் வந்தது, கொண்டாடப்பட்டது. பிறகு பிழை திருத்தும் பதிப்பு ஒன்றை விட்டார்கள். அது பல பிழைகளைத் தீர்த்தது. ஆனால் சிலருடைய சேமிப்பை, அதாவது அவர்கள் அதுவரை ஆடிச் சேர்த்த எல்லாவற்றையும், பழுதாக்கிவிட்டது. இன்னொரு திருத்தம் விட வேண்டுமானால் மறுபடியும் சான்றிதழ்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பல்லாயிரம் டொலர் கட்டணம் ஆகும், எங்களால் முடியாது என்று குழு பகிரங்கமாக அறிவித்தது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று கணக்குச் சொல்லி, இடையில் விலக்கியிருந்த அந்தப் பிழையுள்ள பதிப்பையே திரும்பவும் கடையில் வைத்தார்கள். தன் படைப்பில் உள்ள பிழை தெரிகிறது, திருத்தவும் தெரியும், திருத்திய பிரதியை வாசகன் கையில் கொடுக்க மட்டும் காசில்லை. ஒரு படைப்பாளிக்கு இதைவிட வலி என்ன இருக்கிறது? மறுவருடமே மைக்ரோசொஃப்ட் அந்தக் கட்டணத்தை நீக்கியது. 2013 ஓகஸ்டில், சிறு குழுக்கள் தாங்களே வெளியிடுவதற்கான 'ஐடி அட் எக்ஸ்பொக்ஸ்' திட்டத்தையும் அறிவித்தது. சோனியும் நின்டெண்டோவும் தங்கள் கதவுகளை அதே காலப்பகுதியில் படிப்படியாகத் திறந்தன.

கணினிப் பக்கம் மிகப் பெரிய கடை ஸ்டீம். வால்வ் நிறுவனம் அதை 2003இல் தொடங்கியது. வெளியார் கேம்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்த அந்தக் கடை, 2012இல் 'கிரீன்லைட்' என்ற வாக்கெடுப்பு முறையைக் கொண்டுவந்தது. வாங்குவோர் 'இது வேண்டும்' என்று வாக்களித்தால்தான் உள்ளே இடம். 2017 ஜூனில் அதையும் எடுத்துவிட்டு, ஒரு கேமுக்கு 100 டொலர் என்று நேர்வழி வைத்தார்கள். இன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 30,000 ரூபா. விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால் அந்த 100 டொலர் திரும்ப வரும். எபிக் கடையும் 2023 மார்ச்சில் இதே போல 100 டொலர் கட்டணத்தோடு சுய வெளியீட்டுக்குத் திறந்தது. கையில் அந்தக் காசும் இல்லாதவருக்கு 'இட்ச்' என்ற தளம் இருக்கிறது. 2013 முதல் இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. விற்பனையில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைக்கூடக் கேம் செய்தவரே தீர்மானிக்கலாம். முதல் கேமை அங்கே இலவசமாக வைத்து, நாலு பேர் ஆடிவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

ஸ்டீம் விற்பனையில் 30 வீதத்தை எடுத்துக்கொள்ளும். அது அநியாயம் என்று சொல்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வெங்காய மூட்டை ஏற்றுகிற தோட்டக்காரரைக் கேட்டால் கொமிஷனைப் பற்றி நன்றாக விளக்குவார்: எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதோடு, அந்தக் காசுக்கு என்ன செய்து தருகிறார்கள் என்பதையும் அவர் பார்ப்பார். ஸ்டீம் உலகம் முழுவதும் காசு அறவிடுகிறது, பல நாடுகளின் விற்பனை வரியைக் கணக்குப் பார்த்துக் கட்டுகிறது, கேமையும் அதன் திருத்தங்களையும் வாங்கியவரின் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எபிக் 12 வீதம்தான் எடுக்கும் என்று வந்தது. 2025 ஜூனிலிருந்து ஒரு கேமின் ஆண்டு வருமானத்தில் முதல் பத்து லட்சம் டொலருக்கு ஒன்றுமே எடுப்பதில்லை. ஆனாலும் வாங்குகிற கூட்டம் ஸ்டீமில்தான் அதிகம். 5 டொலர் விலை போட்ட கேம் 100 பிரதி விற்றால், வரியும் திருப்பிக் கொடுத்தவையும் போக, அதிகபட்சம் 350 டொலர் உங்கள் பங்கு. சுமார் ஒரு லட்சம் ரூபா. சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். முகம் தெரியாத 100 பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது எந்தப் படைப்பாளிக்கும் பெரிய விஷயம்.

இனி, தமிழர் ஒருவர் கண்முன்னே செய்துகாட்டியதைச் சொல்கிறேன். கனடாவின் டொரன்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச், கணினி எல்லாவற்றிலும் ஒரே நாளில். வேறு வெளியீட்டாளர் யாருமில்லை, தாங்களே வெளியிட்டார்கள். வடிவமைத்தவர் அபி. கதை என்னவென்றால், 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதி. அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். அவன் வளர வளரத் தமிழிலிருந்தும் அம்மாவின் சமையலிலிருந்தும் விலகிப் போகிறான். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. ஆடுகிறவர் செய்ய வேண்டியது சமைப்பது.

அந்தச் சமையலை எப்படி விளையாட்டாக்கினார்கள் என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வெண்பாவிடம் அவருடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பயணத்தில் அடிபட்டுக் கிழிந்து, எண்ணெய்க் கறை பட்டு, பல வரிகள் மறைந்துவிட்டன. இட்டலி அவிக்க வேண்டும். தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்ற வரி பாதியில் நிற்கிறது. ஆடுகிறவர் பானையைப் பார்க்கிறார், தட்டின் துளைகளைப் பார்க்கிறார், யோசிக்கிறார். பிழைத்தால் மறுபடி அடுக்குகிறார். நம் வீட்டில் உம்மாமார் ஒரு நொடியில் செய்வதை, நோர்வேயிலோ பிரேசிலிலோ இருக்கும் ஒரு பையன் முதன்முறையாகக் கண்டுபிடிக்கிறான். புட்டுக்கும் அப்படியே. பின்னணியில் வெவ்வேறு காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாணிகளில் புதிதாகப் போட்ட தமிழ்ப் பாட்டுகள் ஓடுகின்றன. அடுப்படியில் ரேடியோ பாடுவது எந்தத் தமிழ் வீட்டுக்கும் தெரிந்த காட்சிதானே.

2024 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன கேம் விழாவின் தலையாய பரிசு 'வெண்பா'வுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, அறிமுகக் கேமுக்கான விருதைக் கொடுத்தது. விருதுகளைவிட என்னைக் கவர்ந்தது அந்தக் குழுவின் துணிவு. கேம் மிகச் சிறியது, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஸ்டீமில் ஒரு விதி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், என்ன காரணமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம். அதாவது முழுக் கதையையும் ஆடி முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை இருந்தது. அதற்குப் பயந்து கதையை இழுத்து நீட்டவில்லை அவர்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். கூடவே, முதல் நாளிலேயே எக்ஸ்பொக்ஸின் 'கேம் பாஸ்' சந்தாத் திட்டத்திலும் இடம்பெறச் செய்தார்கள். சந்தா கட்டியவர் தனியாக வாங்காமலே ஆடலாம். சிறிய கேமை நிறையப் பேரிடம் சேர்க்க அது நல்ல ஏற்பாடு. வெளியீட்டாளர் மூளை என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லோரும் தனியாகத்தான் வெளியிட வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பூனாவின் நோடிங் ஹெட்ஸ் குழு 'ராஜி' என்ற கேமுக்காக 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தது, இலக்கை எட்டவில்லை. பிறகு வெளியீட்டாளர் ஒருவரோடு சேர்ந்து 2020 ஓகஸ்டில் ஸ்விட்சில் கொண்டுவந்தது. 'ஸ்டார்டியூ வேலி'யை நாலரை ஆண்டு தனியாகச் செய்த எரிக் பரோனும் 2016இல் அதை இன்னொரு நிறுவனத்தின் துணையோடுதான் முதலில் வெளியிட்டார். வெளியீட்டுப் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்தது பிறகுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேமின் உரிமை யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிடுங்கள்.

சரி, கேம் ஓரளவு தயார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீமில் வைக்க என்ன செய்ய வேண்டும்?

காகித வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பகுதிப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழக்கூடிய இடம் அதுதான். பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களை யோசித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மது' என்பதற்கு ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்று முன்னெழுத்துகள். கத்தோலிக்கப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பெயருக்கும் இதே சங்கடம் உண்டு. வெளியீட்டுக்கு முதல் வாரம் இதைக் கண்டுபிடித்தால் தலையிடிதான். கேமில் முதல் வரி எழுதும் காலத்திலேயே வங்கிக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் வாப்பாவையோ உம்மாவையோ பொறுப்பாளராக வைத்துச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே வீட்டில் மறைத்து வைக்காதீர்கள்.

அடுத்து வரிப் படிவம். அமெரிக்காவில் விற்ற பங்கிலிருந்து அந்நாட்டு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால், படிவத்தை முறையாக நிரப்பினால் பிடிக்கும் வீதம் குறையும். அதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி செலுத்துநர் இலக்கம் தேவை. பணம் வங்கிக்கு நேரே வரும். கணக்கில் 100 டொலர் சேர்ந்த பிறகுதான் அனுப்புவார்கள்.

கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் கேமை வெளியிட முடியாது. 'விரைவில்' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது கடையில் நிற்க வேண்டும். உண்மையில் மாதக்கணக்காக நிற்க விடுவதே நல்லது. பக்கத்தைப் பார்த்துப் பிடித்தவர்கள் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைப்பார்கள், வெளியாகும் நாளில் ஸ்டீமே அவர்களுக்கு அறிவிக்கும். நம் எழுத்தாளர்கள் வெளியீட்டு விழாவுக்கு வீடு வீடாகக் கொடுத்த அழைப்பிதழின் வேலையை இந்தப் பட்டியல் செய்கிறது. கடைப் படம், ஆடும்போது எடுத்த படங்கள், ஒரு குறும் காணொளி ஆகியவற்றுக்குக் கேமுக்குக் கொடுத்த உழைப்பில் நல்ல பங்கு போக வேண்டும். பாட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சினிமாப் பாட்டை வெட்டிப் போடவே கூடாது. ஊரில் றபான் அடிக்கிறவர், கிற்றார் வாசிக்கிறவர் இருக்கிறார்கள். எழுத்தில் அனுமதி வாங்கி, பெயரும் போட்டு, முடிந்த காசும் கொடுங்கள்.

கொன்சோல் என்றால் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். எக்ஸ்பொக்ஸோ பிளேஸ்டேஷனோ நின்டெண்டோவோ முதலில் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். செய்து பார்க்கும் விசேட கருவி வேண்டும். முடிவில் சான்றிதழ்ச் சோதனை. ஆடிக்கொண்டிருக்கும்போது கையிலுள்ள கருவியின் பற்றரி இறந்தால் கேம் தானாக நிற்கிறதா? சேமித்துக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தினால் என்ன ஆகிறது? இப்படி நீண்ட பட்டியல். ஒன்றில் தவறினாலும் திருப்பி அனுப்புவார்கள். முதல் கேமுக்கே கொன்சோலை நினைத்து மனம் சோர வேண்டாம். கணினியில் வைத்து நாலு பேர் நல்லது சொன்ன பிறகு அந்த வாசலைத் தட்டலாம். ஆனால் அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள எண்ணத்தை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரன்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உபநிலையத்தில் தொடங்கிய தடங்கலில் நம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், மீண்டும் ஓட நாட்கள் பிடித்தன. 900 மெகாவோட் நிலையத்தின் புகைபோக்கி வாசலில் தெரிகிற வீட்டிலும் கரன்ட் போகத்தான் செய்கிறது. ஆடுகிறவரின் சேமிப்பு அப்படிப்பட்ட நொடியில் அழியாதபடி கேமை எழுதுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கும் இணையத்தில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

தமிழில் கேம் செய்கிறவருக்கு வரும் ஒரு தொல்லையைப் பற்றியும் எழுத வேண்டும். யூனிட்டி என்ற மென்பொருளில் பலரும் எழுத்துக்குப் பயன்படுத்தும் 'டெக்ஸ்ட்மெஷ் புரோ'வில் 'கொக்கு' என்று தட்டினால், கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் எங்கோ பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலையை அது செய்வதில்லை. யூனிகோடு வருமுன் நாம் பத்திரிகைகளுக்குப் பயன்படுத்திய பாமினி எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு அது சரி, வரி மடிப்பிலும் தேடலிலும் பிறகு உதைக்கும். கட்டணமில்லாத 'கொடோ' மென்பொருளின் நான்காம் பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது. அதில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. அதை அண்ட்ரொய்ட் கைபேசியிலேயே ஓட்டிப் பழகவும் பதிப்பு இருக்கிறது, கணினி இல்லாத பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கலாம். ஸ்டீம் கடை தமிழில் பேசாது. ஆனால் உங்கள் கேம் எந்தெந்த மொழியில் இருக்கிறது என்று குறிக்கும் பட்டியலில் தமிழும் இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது. இரண்டிலும் செய்து இரண்டையும் குறியுங்கள். நம் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஆட வேண்டுமல்லவா?

உண்மை நிலவரத்தையும் மறைக்கக் கூடாது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கு மேற்பட்ட கேம்கள் வெளியாகின. ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து பேர் கண்ணில் பட்டு மறைந்துவிடும். பத்து விமர்சனம் சேரும்வரை மதிப்பீடு என்று ஒன்றையும் காட்டமாட்டார்கள். அதனால் படிப்பை விட்டுவிட்டு, உம்மாவின் நகையை அடகு வைத்து, இதில் இறங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய ஒரு சின்னக் கேம் செய்யுங்கள். முடியுங்கள். வெளியிடுங்கள். பிறகு அடுத்தது. பெரிய கேமைப் பாதியில் விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சின்னதை முடித்தவருக்குத்தான் பதிவு, படிவம், படம், விலை, திருத்தம் என்ற முழுச் சுற்றும் கைவரும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆடுகிறானா, செய்கிறானா என்று ஒருதரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செய்கிறான் என்றால் அது கணக்கும் படமும் இசையும் கதையும் சேர்ந்த கடும் உழைப்பு. பெண் பிள்ளைகள் செய்தால் இரட்டிப்பு உற்சாகம் கொடுங்கள், அவர்களுக்குக் கணினி கிடைக்கும் நேரம் வீட்டில் எப்போதும் குறைவு.

எதைப் பற்றிக் கேம் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் தலைப்புக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் சிலவற்றை ஆசையோடு சொல்லிப் பார்க்கிறேன். மணல் தரையில் ஆழமில்லாத கிணற்றை நம்பி வெங்காயம் போடுகிற ஒருவர், உப்பு ஏறாமல் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கே ஒரு கேம்தான். கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் கடலா களப்பா என்று முடிவெடுக்கிற மீனவர் இருக்கிறார். தலவில் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும் நாட்கள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு பையோடு வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள், எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று இன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அதை விளையாட்டாக்கலாமா என்று தயங்குவீர்கள். ஒரு குடும்பம் மொழியை இழக்கும் துயரத்தை இட்டலிப் பானை வழியாகச் சொல்ல முடிந்திருக்கிறது. வாப்பாமாரிடம், மூத்தம்மாமாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, மெதுவாகச் செய்யுங்கள்.

இனி நாங்கள் செய்யக்கூடியது. அடுத்த இதழிலிருந்து, புத்தகங்களுக்கு விடும் மதிப்புரைப் பக்கத்தில் கேமுக்கும் இடம் உண்டு. இட்ச் தளத்தில் வைத்துவிட்டு இணைப்பை எழுதி அனுப்புங்கள். ஆடி முடித்துத்தான் எழுதுவோம், நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுவோம். தமிழ் எழுத்துப் பகுதிகளை, கதாபாத்திரம் பேசும் வரிகள், பொத்தானில் உள்ள சொல், கடைப் பக்கத்து விவரிப்பு எல்லாவற்றையும், எங்கள் மெய்ப்புப் பார்ப்பவர் காசு வாங்காமல் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கைபேசிக்கும் போட நினைப்பவர்களுக்கு இன்னொன்று: கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர், வெளியிடுமுன் 12 பேரை 14 நாட்கள் தொடர்ந்து சோதனை ஆட்டத்தில் வைத்திருக்க வேண்டும். ஆள் போதாதவர்கள் எழுதுங்கள், எங்கள் வாசகர் வட்டத்தில் சேர்த்துத் தருகிறோம். ஸ்டீம் கட்டணத்துக்கு வழியில்லாத, ஆனால் கேமை முடித்துவிட்ட பிள்ளை யாராவது இருந்தால், முதற் பிரதி வாங்கும் வழக்கமுள்ள நம் ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அவர்களும் எங்களுக்கு எழுதட்டும். இரு தரப்பையும் நாங்கள் சேர்த்துவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்